டைம்லர் ஒதுக்கிய தீப்பொறியை பென்ஸ் ஏன் விடாமல் பிடித்தார்?

#1 · கீழக்காடு

எங்கள் தோட்டத்துக் கிணற்றடியில் தாத்தா காலத்துப் பெட்ரோல் இன்ஜின் ஒன்று கிடக்கிறது. ஒற்றை சிலிண்டர். காந்தத்தைக் கொண்டு தானே மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோவில் ஓடுவது, பேட்டரி கிடையாது. இரண்டு வருடமாக அதற்கு உயிர் கொடுக்கப் பாடுபடுகிறேன். காலையில் ஹேண்டில் போட்டு இரண்டு சுற்று சுற்றினால் பிடித்துக்கொள்கிறது. இருபது நிமிடம் ஒரே சீராக ஓடுகிறது. பிறகு விட்டு விட்டு அடிக்க ஆரம்பித்து நின்றுவிடுகிறது. சூடு ஆறும்வரை தோள் கழன்று விழுமளவுக்குச் சுற்றினாலும் கிளம்புவதில்லை. பெட்ரோல் வரத்து, கார்புரேட்டர், வால்வு எல்லாம் பார்த்தாயிற்று. தீப்பொறிதான் காலை வாருகிறது.

இந்த அலைச்சலில் பழைய இன்ஜின்களின் பற்றவைப்பைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது. 1880-களில் ஜெர்மனியில் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் மோட்டார் வண்டி உருவாகிறது. கான்ஸ்டாட்டில் டைம்லரும் அவருடைய கூட்டாளி மைபாக்கும் பற்றவைக்க மின்சாரத்தை நாடவே இல்லை. ஒரு முனை அடைத்த சிறு குழாயை சிலிண்டரில் திருகி, வெளியே பர்னர் வைத்து அதைச் செக்கச்செவேலென்று காயவைத்தார்கள். பிஸ்டன் கலவையை அழுத்தும்போது அது குழாய்க்குள் ஏறிப் பற்றிக்கொள்ளும். அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. 1883-இல் காப்புரிமையும் பெற்றுவிட்டார்கள். நான்கு வீச்சு இன்ஜினைச் செய்த ஓட்டோவின் இன்ஜின் நிமிடத்துக்கு 180 சுற்றோடு நின்ற காலத்தில் இவர்களுடையது 600-ஐத் தொட்டது.

மன்ஹைமில் பென்ஸோ பேட்டரி, அதன் மின் அழுத்தத்தை உயர்த்தும் அதிர்வுக் காயில், பிளக் என்று மின்சாரத்தோடு மல்லுக்கட்டினார். பற்றவைப்புதான் சிக்கல்களுக்கெல்லாம் சிக்கல் என்று அவரே நொந்திருக்கிறார். என்னைப் பொறுத்தவரை அந்தப் பதினைந்து இருபது வருடத்துக்கு டைம்லர் எடுத்த முடிவுதான் சரி. நம்பகம் வேண்டுமென்றால் கெட்டுப்போக வாய்ப்புள்ளதைக் குறைக்க வேண்டும். மறுப்பவர்கள் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

#2 · பழையபட்டறை

வரலாற்றுக்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் இன்ஜின்.

குளிரில் கிளம்பி, சூட்டில் செத்து, ஆறினால் மறுபடி கிளம்பும் மேக்னெட்டோவை நாற்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பத்தில் எட்டு, ஆர்மெச்சருக்குள் (காந்தத்துக்கு நடுவே சுழலும் சுருள் பாகம்) இருக்கும் கண்டன்சர் (மின்னூட்டத்தைச் சற்றே தாங்கும் பாகம்) அல்லது சுருளின் காப்பு. பிளக்கை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். மின்னோட்டத்தை அறுக்கும் தொடுமுனையான பாயிண்ட்டின் மூடியைக் கழற்றிவிட்டு, இன்ஜின் சூடாக இருக்கும்போது இருட்டில் யாரையாவது சுற்றச் சொல்லுங்கள். பாயிண்ட் திறக்கும் இடத்தில் பொறி எப்படி இருக்கிறது, வெள்ளையாகப் பட்டுப் பட்டென்று தெறிக்கிறதா, இல்லை ஒன்றுமே இல்லையா என்று பார்த்து எழுதுங்கள். பாயிண்ட் இடைவெளி எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?

#3 · மின்னோட்டம்

கீழக்காடு சொல்வதில் ஒரு பாதியைத்தான் ஏற்க முடிகிறது.

மின்பொறி பென்ஸ் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. பாரிஸில் லெனுவார் 1860-லேயே தன் வாயு இன்ஜினில் மின் அழுத்தத்தை உயர்த்தும் ரும்கோர்ஃப் காயிலையும் பீங்கான் காப்பு வைத்த பிளக்கையும் பயன்படுத்திவிட்டார். அந்தக் காயிலின் பாயிண்ட்டுக்குக் குறுக்கே கண்டன்சர் போட்டால் பொறி பலப்படும் என்பதைப் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிஸோ 1853-இல் காட்டியிருந்தார். ஆகப் பொறியை உண்டாக்கும் அறிவு டைம்லருக்கு முப்பது ஆண்டு முன்பே கைக்கு வந்துவிட்டது. வராதது எது? வண்டியோடு ஊர் ஊராகப் போய், குலுங்கி, நனைந்து, காய்ந்து, அப்போதும் தவறாமல் பொறி தருகிற அமைப்பு. வண்டியில் டைனமோ இல்லாத காலம் அது. பேட்டரியில் இருப்பது தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஆய்வகத்தில் மேசைமேல் அசையாமல் நிற்கும் கலத்தை வண்டியில் ஏற்றிக் கல்லும் பள்ளமுமான பாதையில் ஓட்டினால் அமிலம் தளும்பும், இணைப்புக் கம்பி தளரும், பச்சை பூக்கும்.

அதனால் பென்ஸின் சிக்கல் பொறியில் இல்லை, பொறிக்குத் தீனி போடுவதில் இருந்தது. அந்தத் தீனியைத் தீர்க்க முடியும் என்று நம்பியவர் அவர். டைம்லரின் குழாய்க்கு அப்படி வளரும் வழி எதுவும் இல்லை. பொறியை முன்னே பின்னே தள்ளலாம். பழுக்கக் காய்ச்சிய குழாயில் எந்தக் கணத்தில் பற்ற வேண்டும் என்று யார் கட்டளையிடுவது? வேகம் கூடும்போது ஓட்டுநர் நினைத்தபடி முன்கூட்டிப் பற்றவைக்க எளிய வழி இல்லை.

#4 · கீழக்காடு

பாயிண்ட் இடைவெளி 0.3 மில்லிமீட்டர், ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்ததுதான் ஐயா. இருட்டுச் சோதனையை இந்த ஞாயிற்றுக்கிழமை செய்துவிட்டு எழுதுகிறேன்.

மின்னோட்டத்துக்கு: நேரத்தைக் கட்டுப்படுத்த முடியாது என்பது உண்மை. ஆனால் பெர்தா பென்ஸின் பயணத்தை நினைத்துப் பாருங்கள். 1888 ஆகஸ்டில் கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். வழியில் பற்றவைப்புக் கம்பியின் காப்பு தேய்ந்துபோய், காலுறைப் பட்டையைக் கழற்றிச் சுற்றித்தான் மேலே போக முடிந்தது. எரிபொருள் குழாய் அடைத்ததற்குத் தொப்பி ஊசி கைகொடுத்தது. அவர் துணிச்சலுக்கு எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனாலும் முதல் நெடும்பயணத்திலேயே மின்கம்பி காலை வாரியது என்பதும் அதே கதையில்தானே இருக்கிறது?

#5 · மின்னோட்டம்

அதே கதையை நான் வேறு விதமாகப் படிக்கிறேன். ஒரு துண்டுப் பட்டையைச் சுற்றியதும் சரியாகிவிட்டது. டைம்லர் வண்டியில் எதிர்க்காற்றடித்துப் பர்னர் அணைந்தால் என்ன ஆகும்? பெட்ரோல் தொட்டியும் திறந்த நெருப்பும் ஒரே வண்டியில், சில முழம் தூரத்தில். மின்கம்பி கெட்டால் வண்டி நிற்கும். பர்னர் கெட்டால் வண்டி எரியும். நம்பகம் என்ற சொல்லுக்குள் இதுவும் அடங்கும் என்பது என் எண்ணம்.

#6 · நூற்கண்டு

இருவரும் 1886-ஐச் சுற்றியே நிற்கிறீர்கள். திருப்பம் 1897-இல்தான் வருகிறது, அதைச் சொல்லாமல் இந்தக் கணக்கைத் தீர்க்க முடியாது.

ராபர்ட் போஷ் 1886 நவம்பரில் ஷ்டுட்கார்ட்டில் சிறு பட்டறை திறந்தார். மறு வருடமே, ஒரு வாடிக்கையாளர் கேட்டதற்காக, நிலையாக நிற்கும் இன்ஜின் ஒன்றுக்கு மேக்னெட்டோ செய்து கொடுத்தார். மேக்னெட்டோ அவருடைய கண்டுபிடிப்பு இல்லை. ஓட்டோவின் டொய்ட்ஸ் தொழிற்சாலையில் ஏற்கெனவே இருந்ததுதான். காந்தத்துக்கு நடுவே சுருள் ஆடும், குறைந்த அழுத்த மின்னோட்டம் பிறக்கும். சிலிண்டருக்கு உள்ளேயே இரண்டு தொடுமுனைகள். ஒரு நெம்புகோல் சரியான நேரத்தில் அவற்றைச் சடக்கென்று பிரிக்கும். பிரியும் இடத்தில் கொழுத்த பொறி. மின்னோட்டத் தீனிக்குப் பேட்டரியே தேவையில்லை. இன்ஜின் ஓடும்வரை மின்சாரம் உண்டு.

ஆனால் அது மெதுவாக ஓடும் இன்ஜினுக்கான கருவி. 1897-இல் பிரிட்டிஷ் தொழிலதிபர் ஃபிரெடரிக் சிம்ஸ் ஒரு பிரெஞ்சு டி டியோன்-பூட்டோன் மூன்று சக்கர வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, இதற்கு மேக்னெட்டோ போட முடியுமா என்று கேட்டார். அந்தக் குட்டி இன்ஜின் நிமிடத்துக்கு 1,800 சுற்று ஓடக்கூடியது. கனமான ஆர்மெச்சர் அந்த வேகத்தில் முன்னும் பின்னும் ஆடித் தாக்குப்பிடிக்காது. போஷின் பட்டறையில் வேலை பார்த்த ஆர்னால்டு ட்செரிங்கர் கணக்கைத் திருப்பிப் போட்டார். ஆர்மெச்சரை அசையாமல் நிறுத்திவிட்டு, அதற்கும் காந்தத்துக்கும் இடையில் மெல்லிய இரும்பு உறை ஒன்றை மட்டும் ஆடவைத்தார். ஆட வேண்டிய எடை குறைந்தது, வேகம் கைக்கு வந்தது. நம்பகத்துக்காக அந்தக் காலத்தில் செய்யப்பட்ட மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பொறியின் பலத்தை அவர் தொடவே இல்லை.

அடுத்து என்ன நடந்தது? சூட்டுக்குழாயின் சொந்த வீடான டைம்லர் நிறுவனமே மேக்னெட்டோவுக்கு மாறியது. 1901-இல் மைபாக் வடிவமைத்த 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் மேக்னெட்டோவில்தான் ஓடியது. கீழக்காடு கேட்ட கேள்விக்கு மைபாக்கே தன் கையால் எழுதிய பதில் அது.

#7 · கீழக்காடு

மைபாக் மாறினார் என்பது எனக்கு எதிரான வாதம் இல்லையே. பேட்டரி இல்லாத மின்பொறி கிடைக்கும்வரை பொறுத்திருந்தார், கிடைத்ததும் மாறினார். அதுவரை குழாய்தான் சரி என்பதைத்தான் நானும் சொல்கிறேன்.

#8 · வடலிநிழல்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் மின்சாரம் பிறக்கும் இடத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். பொறி பாயும் இடத்தைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லலாமா?

1990-களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே பெட்ரோல் மருந்துபோலத்தான் கிடைத்தது. மோட்டார் சைக்கிள், கார், தோட்டத்து இறைப்பு இயந்திரம் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் ஒரு சிறு சூப்பிப் போத்தலில் சில துளி பெட்ரோல் வைத்திருப்போம். அதைக் கார்புரேட்டருக்குள் பீய்ச்சி, உதைத்துக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற வேண்டும்.

அப்போது எனக்குப் பதினான்கு வயது. அப்பாவின் இறைப்பு இயந்திரத்துக்குப் பிளக் துடைப்பது என் வேலை. ஒவ்வொரு நாளும் கழற்றினால் வெள்ளைப் பீங்கான் மூக்கு தெரியாது. கரியும் எண்ணெயும் சேர்ந்து பசைபோல அப்பியிருக்கும். கம்பிப் பிரஷால் தேய்ப்பேன், பிறகு அம்மாவின் அடுப்புத் தணலில் வைத்துச் சுடுவேன். கரி சிவந்து உதிர்ந்து பீங்கான் மறுபடி வெளுக்கும். ஆறியதும் உப்புத்தாள் துண்டால் முனைகளை உரசி, இடைவெளியை முன்பைவிடச் சற்றுக் குறைத்து வைத்துப் பூட்டினால் இயந்திரம் பிடிக்கும். மேக்னெட்டோவில் ஒரு குறையும் இருக்காது. ஆனால் கரி மின்சாரத்தைக் கடத்தும் அல்லவா? பொறி இடைவெளியைத் தாண்டிப் பாய்வதற்குப் பதிலாக, கரி பூசிய பீங்கான் வழியாக ஓசையில்லாமல் வழிந்து போய்விடும்.

அதனால் எனக்குத் தோன்றுவது: ஆரம்ப கால வண்டிக்காரர்கள் பட்ட பாட்டில் பெரும் பங்கு பிளக் என்கிற அந்தச் சின்னப் பொருளில் இருந்திருக்கும்.

#9 · மின்னோட்டம்

வடலிநிழல், உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். நீங்கள் அடுப்பில் செய்ததை ஒரு நல்ல பிளக் தானாகவே செய்துகொள்ள வேண்டும். அதன் மூக்கு ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் கரி தங்காமல் எரிந்துபோகும். 850-ஐத் தாண்டினால் பொறிக்கு முன்னதாகவே மூக்கின் சூட்டில் கலவை பற்றிவிடும். அதாவது டைம்லரின் சூட்டுக்குழாய் வேண்டாத இடத்தில் முளைத்துவிடும். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஏற்றபடி மூக்கின் நீளத்தை அமைக்கக் கற்றுக்கொள்ள வெகுகாலம் பிடித்தது.

இன்னொன்று. பிளக்கை வெளியே எடுத்துப் பொறி வருகிறதா என்று பார்த்து நிம்மதி அடைபவர்கள் நிறைய. வெளிக்காற்றில் அரை மில்லிமீட்டரைத் தாண்ட இரண்டு மூன்றாயிரம் வோல்ட் போதும். சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்பட்டிருக்கும்போது அதே இடைவெளிக்குப் பல மடங்கு தேவைப்படும். வெளியே 5 மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். அதுதான் சோதனை.

#10 · தூரப்பார்வை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ரைட் சகோதரர்களின் 1903 விமானத்தில் என்ன வைத்திருந்தார்கள்? பிளக்கா?

#11 · நூற்கண்டு

பிளக் இல்லை. நான் மேலே சொன்ன, சிலிண்டருக்குள் தொடுமுனை பிரியும் முறைதான். ஃபிளைவீலில் உரசி ஓடும் சிறு மேக்னெட்டோ. கிளப்புவதற்கு மட்டும் உலர் பேட்டரியும் காயிலும் தரையில் இருக்கும். இன்ஜின் பிடித்ததும் கம்பியைக் கழற்றிவிட்டு, பெட்டியைத் தரையிலேயே விட்டுவிட்டுப் பறந்தார்கள். எடையும் மிச்சம், நம்பிக்கையும் மிச்சம்.

ஆனால் அதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு முன்பே மாற்று வந்துவிட்டது. நெம்புகோல் முறையில் பெரிய தொல்லை, ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனித்தனியாகக் கம்பியும் கோலும் வடிவமைக்க வேண்டும். சிலிண்டர் சுவரைத் துளைத்துப் போகும் அச்சு தேயும், கசியும். தொடுமுனை கருகும், கருகினால் நேரம் தப்பும். போஷிடம் வேலை பார்த்த காட்லாப் ஹொனோல்டு 1901 டிசம்பரில் வேறொரு கருவியைச் செய்து காட்டினார். ஒரே ஆர்மெச்சரில் இரண்டு சுருள், பாயிண்ட், கண்டன்சர். உயர் அழுத்த மின்சாரம் அங்கேயே பிறந்து ஒரு கம்பி வழியாக அசையாத பிளக்குக்குப் போகும். 1902 ஜனவரியில் காப்புரிமை. அசையும் தொடுமுனை நெருப்புக்குள் இருந்து வெளியே வந்துவிட்டது. மூடியைத் திறந்தால் துடைக்கலாம், அளக்கலாம். கீழக்காடு கிணற்றடியில் இன்று பிரித்துப் பார்ப்பது ஏறத்தாழ அந்தக் கருவியின் பேரன்தான்.

#12 · சக்கரவாகம்

அமெரிக்கப் பக்கத்தையும் சேர்க்கிறேன். ஃபோர்டு மாடல் டி 1908 முதல் 1927 வரை, ஒன்றரைக் கோடிக்கும் மேல் விற்றது. அதன் பற்றவைப்பு, பென்ஸின் அதிர்வுக் காயிலும் மேக்னெட்டோவும் கலந்த வகை. ஃபிளைவீலில் 16 காந்தங்கள் குறைந்த அழுத்த மாறுமின்சாரத்தை உண்டாக்கும். மரப்பெட்டிக்குள் நான்கு அதிர்வுக் காயில்கள், சிலிண்டருக்கு ஒன்று. சுழலும் டைமர் எந்தக் காயிலைத் தொடுகிறதோ அது ரீங்காரமிடும். ஒரு காயில் கெட்டால் நான்கில் மூன்று சிலிண்டரோடு வீடு போய்ச் சேரலாம். பெட்டியிலிருந்து கெட்டதை உருவி வேறொன்றைச் செருகினால் வேலை முடிந்தது. கிராமத்து விவசாயி தானே சரிசெய்துகொள்ளக்கூடிய நம்பகம் அது.

குறையும் இருந்தது. 16 காந்தம் என்றால் மின்சாரம் 22.5 டிகிரிக்கு ஒருமுறைதான் உச்சத்துக்கு வரும். ஓட்டுநர் நெம்புகோலை எங்கே வைத்தாலும் பொறி அந்தப் படிக்கட்டுகளில்தான் தாவும், இடையில் நிற்காது. அமெரிக்கப் பொறியாளர் கெட்டரிங் 1910 கேடிலாக் காருக்குச் செய்த முறை இதை மாற்றியது. பாயிண்ட் திறக்கும் அந்த ஒரு கணத்தில் ஒரே பொறி. 1912-இல் மின் ஸ்டார்ட்டரும் டைனமோவும் வந்தபிறகு பேட்டரிக்கு ஓடும்போதே தீனி கிடைத்தது. பென்ஸ் எதற்காகத் தவித்தாரோ அது கிடைக்கக் கால் நூற்றாண்டு ஆயிற்று.

#13 · பழையபட்டறை

எல்லோரும் நன்றாக எழுதுகிறீர்கள். நான் கையில் தொட்ட பொருள்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இந்த வரலாற்றில் கண்டுபிடிப்பாளர் பெயர்கள் வருகின்றன, காப்புப் பொருள்களின் பெயர் வருவதே இல்லை. பொறியைக் காப்பாற்றியது அவைதான். மைக்கா என்று சொல்கிறார்களே, நம் ஊரில் காக்காப்பொன், அதை மெல்லிய வளையங்களாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, இறுக்கிக் கடைந்து பிளக் செய்தார்கள். பீங்கான் சூட்டிலும் அதிர்விலும் விரிசல் விடும், மைக்கா விடாது. முதல் உலகப் போர்க் கால விமான இன்ஜின்களுக்கு அப்படிப்பட்ட பிளக் வேண்டியிருந்தது. மேக்னெட்டோ கண்டன்சருக்கும் மைக்காத் தகடுதான். அந்த மைக்காவில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போனது, அன்றைய பீகாரின், இன்றைய ஜார்க்கண்டின் கோடர்மா வட்டாரத்திலும் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரிலும் வெட்டியது. 1914-இல் போர் தொடங்கியபோது பிரிட்டன் மேக்னெட்டோவுக்கு ஜெர்மனியையே நம்பியிருந்து தவித்தது எல்லோரும் அறிந்ததே. மைக்காவுக்கு யாரை நம்பியிருந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

அடுத்தது அரக்கு. பழைய ஆர்மெச்சர்களில் சுருளுக்கு மேல் அரக்குப் பூச்சுதான் காப்பு. குளிர்நாட்டில் அது கல்போல இருக்கும். நம் வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் இளகும். பிரித்தவுடன் தேன் நிறத்தில் பிசுபிசுவென்று கையில் ஒட்டும், மோசமானால் சுழற்சியில் வெளியே தெறித்து ஆர்மெச்சரையே கூட்டில் ஒட்டவைத்துவிடும். மழைக்காலத்தில் ஈரம் இழுக்கும். சுருளுக்குள் பொறி ஒருமுறை ஓட்டை போட்டுவிட்டால் பிறகு எப்போதும் அந்தக் குறுக்குவழியில்தான் போகும்.

கீழக்காடு, ஞாயிற்றுக்கிழமை என்ன தெரிந்தது?

#14 · கீழக்காடு

சூடாக இருக்கும்போது பாயிண்ட்டில் வெள்ளைப் பொறி, காகிதம் கிழிவதுபோல் சத்தத்தோடு. குளிர்ந்தபின் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய நீலப் பொறி. பாயிண்ட் முகத்தில் ஒரு பக்கம் குழி, மறுபக்கம் மேடு.

#15 · பழையபட்டறை

கண்டன்சர். சந்தேகமே வேண்டாம். பாயிண்ட் திறக்கும்போது மின்னோட்டம் சட்டென்று அறுந்தால்தான் இரண்டாம் சுருளில் அழுத்தம் எகிறும். அந்த நொடியில் பாய வருவதை உள்வாங்கிக்கொள்வது கண்டன்சரின் வேலை. அது வாங்காவிட்டால் மின்னோட்டம் பாயிண்ட்டிலேயே பொறியாக நீண்டு, இழுத்து இழுத்துச் சாகும். பாயிண்ட்டும் கருகும், பிளக்கிலும் பொறி இருக்காது.

ஆர்மெச்சரை உருவுமுன் இரண்டு காரியம். கார்பன் பிரஷ் பிடியையும் கூட்டின் பக்கத்தில் இருக்கும் பாதுகாப்பு இடைவெளித் திருகையும் கட்டாயம் கழற்றுங்கள். மறந்து இழுத்தால் ஆர்மெச்சரிலிருந்து பிரஷுக்கு மின்சாரம் கடத்தும் ஸ்லிப் ரிங் வளையம் உடைந்துவிடும், நல்ல நல்ல ஆர்மெச்சர்கள் இப்படிப் போயிருக்கின்றன. இரண்டாவது, உருவியவுடன் காந்தத்தின் இரு முனைக்கும் குறுக்கே ஒரு தேனிரும்புத் துண்டு வையுங்கள். பழைய எஃகுக் காந்தம் வெறுமனே கிடந்தால் பலம் இறங்கும்.

#16 · கீழக்காடு

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்க வேண்டும்.

சொன்னபடியே செய்தேன். திருகு இருந்த இடத்தில் அழுக்கு மூடியிருந்தது, நீங்கள் எழுதியிருக்காவிட்டால் கண்டே இருக்க மாட்டேன். கண்டன்சர் மெழுகுத் தாள் வகை. குளிரில் அளந்தால் காப்பு நன்றாக இருந்தது. தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டிக்கொண்டே அளந்தேன், மீட்டர் முள் கண் முன்னாலேயே சரிந்தது. 0.2 மைக்ரோஃபாரட் அளவில் புதியது போட்டு, பாயிண்ட்டைச் சமப்படுத்தி, ஸ்லிப் ரிங் பள்ளத்தில் படிந்திருந்த கார்பன் தூளைத் துணியால் துடைத்துப் பூட்டினேன்.

நேற்று இரண்டரை மணி நேரம் நிற்காமல் ஓடியது. கடைசித் தென்னைவரை தண்ணீர் பாய்ந்தது. வேண்டுமென்றே நிறுத்தி, கை வைக்க முடியாத சூட்டில் மறுபடி ஹேண்டில் போட்டேன். முதல் சுற்றிலேயே பிடித்தது.

விவாதத்தில் என் பக்கத்தை முழுதாக விட்டுக்கொடுக்க மனமில்லை. 1886-இல் ஒரு வண்டியை நாளைக்கே ஓட்டியாக வேண்டும் என்று என்னிடம் சொல்லியிருந்தால் குழாயைத்தான் எடுத்திருப்பேன். ஆனால் அந்தக் காகிதக் கண்டன்சரைக் கையில் வைத்துப் பார்த்தபோது, பென்ஸ் எதனோடு மல்லுக்கட்டினார் என்பது முதல்முறையாகப் புரிந்தது.

வடலிநிழல், பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். மூக்கு காப்பித்தூள் நிறத்தில் இருக்கிறது.

#17 · வடலிநிழல்

அப்படியானால் அதைத் தொட வேண்டாம். அப்படியே பூட்டிவிடுங்கள்.